மேசையைத் தூக்கியவள்

காலை ரயிலில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போய், மாலை ரயிலில் திரும்பி வருவதுதான் அந்த வருஷங்களில் என் வாழ்க்கை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அதனால் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் வீடு இருந்தது. மிஷன் பள்ளியில் நான் படித்த இங்கிலீஷ், கிள்ளானில் இன்னொரு மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பு எடுக்கும் உத்தியோகமாக வந்து சேர்ந்தது. ஆசிரியை என்றால் மற்றவர்களுக்கு மரியாதை. எனக்குக் கால்வலிதான் முதலில் நினைவுக்கு வரும்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அந்தத் தவணை முழுவதும் கேன், மே, மஸ்ட் மூன்றையும் கட்டிக்கொண்டு அழுதேன். முடியும் என்பதற்கு ஒன்று, அனுமதி கேட்க ஒன்று, செய்தே தீர வேண்டும் என்பதற்கு ஒன்று. நான் கரும்பலகையில் எழுதுவேன், அவர்கள் கோரஸாகக் கத்துவார்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் இவர்கள் கத்த வேண்டும். "மே ஐ கோ அவுட்" மட்டும் யாருக்கும் தப்பியதே இல்லை. அவசரம் வந்தால் எந்தப் பாஷையும் வந்துவிடும். மற்றதெல்லாம் திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்தால் செவ்வாய்க்கிழமை காற்றில் போயிருக்கும். அடி மேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்ததோ இல்லையோ, அடித்த கை ஓய்ந்துபோனது எனக்குத் தெரியும்.

அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். கேரி தீவு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவள். அம்மா பால்வெட்டுக்காரி. கிள்ளானில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். தோட்டத்தில் மரத்துக்கு மரம் பால் வடியும் மங்கு துடைத்துக்கொண்டிருந்த பிள்ளை, பள்ளிக்கூடம் வந்து சேரவே பதினொரு வயதாகிவிட்டது. வயது கூடிய பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் ஒரு சட்டம் இருந்தது. வருஷாந்தர சோதனையில் ஒருமுறை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் அவள் படகேறித் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனாலும் அவளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சிலேட்டில் அவள் எழுத்து மணிமணியாக இருக்கும். ஒருநாள் விளையாட்டாக, கிள்ளான் ஆற்றை உன்னால் தூக்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டேன். வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, "நோ டீச்சர், ஐ கேனாட்" என்றாள். அவ்வளவு தெளிவாக வகுப்பில் வேறு யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு மாலை ரயிலில் எனக்குக் கால் அவ்வளவாக வலிக்கவில்லை.

வருஷாந்தர சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலை வாரி, கஞ்சி போட்ட உடுப்பில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நல்ல உயரமான வெள்ளைக்காரர். தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை, அவரும் வெள்ளைக்காரி. நான் சுவரோரம் நின்றேன். பொல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. சிரித்துப் பேசித்தான் கேட்டார். நான்கைந்து பேர் தட்டுத்தடுமாறித் தப்பித்தார்கள். பிறகு உயரமானவளை எழுப்பினார்.

இந்த மேசையை உன்னால் தூக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டிய கேள்வி. அது கனத்த மேசை, இரண்டு ஆட்கள் பிடித்தால்தான் அசையும்.

"யெஸ், சார்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. நேரே வந்து, மேசையின் ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். ஒரு பக்கம் உண்மையிலேயே எழும்பியது. மைக்கூடு உருண்டு தொப்பி நனைந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது, இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கைக்குட்டையால் தொப்பியைத் துடைத்துக்கொண்டே, சரி, உன்னால் பறக்க முடியுமா என்று கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யெஸ், சார்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. குனிந்து தாளில் ஏதோ குறித்தார். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, இந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை, பெயரை எடுத்துவிடலாம், உனக்கும் சம்மதம்தானே என்றார்.

சொல்ல வேண்டியது முழுவதும் என் வாயில் இருந்தது. அவளுக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறாள், வேண்டுமானால் நான் கேட்கிறேன் பாருங்கள் என்று, இலக்கணம் பிசகாத இங்கிலீஷில் இருந்தது. இரண்டு வெள்ளை முகங்களும் என்னைப் பார்த்துக் காத்திருந்தன.

"யெஸ், மேடம்" என்றேன்.

மத்தியானம் வராந்தாவில் அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். யார்மேல் கோபம் என்று இப்போது தெரிகிறது, அப்போது அவள்மேல் என்றே நினைத்தேன்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? என்கிட்ட சொன்னியே."

"நீங்க டீச்சர்" என்றாள். "தொரைகிட்ட முடியாதுன்னு சொல்லக் கூடாது. பெரட்டுல அம்மா ஒருக்கா, காய்ச்சல், இன்னிக்கு முடியாது தொரைன்னாங்க. அன்னிக்கே பேரு வெட்டிட்டாங்க."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது; பெயரை வெட்டினால் அன்றைக்குக் கூலி இல்லை. அந்த வரிசையில் நிற்கப் பழகிய பிள்ளைக்கு நான் ஒரு தவணை முழுவதும் "ஐ கேனாட்" சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யாரிடம் சொல்லலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரியாததை எங்கே சொல்லிக்கொடுப்பது?

அவள் மை பட்ட விரலைப் பாவாடையில் தேய்த்தாள்.

"எம் பேரையும் வெட்டிட்டாங்களா டீச்சர்?"

தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியும்னு நீங்க சொன்னீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை.

"சொல்லலை" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைவிடப் பெரியவள்போல என் முகத்தைப் பார்த்தாள்.

"வுடுங்க டீச்சர்" என்றாள். "தொரைகிட்ட எப்படிச் சொல்றது."

சிலேட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மணி அடித்தது. நான் உள்ளே போய் ரிஜிஸ்தரைத் திறந்து, அளவுகோலை வைத்து, அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டேன். கோடு நேராகத்தான் விழுந்தது.