வார்டனக்காவுக்கு ஒரு நன்றி மடல்

நான்கு வயதிலிருந்து பத்து வயதுவரை நான் என் அம்மாவைப் பகலில் அம்மா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் போட்டதும் அம்மாவேதான்.

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில், சபையார் நடத்திய பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்று இருந்தது. தாய் தகப்பன் இல்லாதவர்கள், இருந்தும் வைத்துச் சோறுபோட வழியில்லாதவர்கள் என்று நாற்பத்திரண்டு பிள்ளைகள். அம்மா அங்கே வார்டன். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு மலை ரயிலில் வந்து இறங்கியவள், ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் சேர்ந்தாளாம். இல்லத்து வேனை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பிறகு அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். நானும் அங்கேயே பிறந்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை குவார்ட்டர்ஸ்தான் எங்கள் வீடு. அதில் அம்மாவைத் தவிர மற்ற இரண்டு பேரும் குடியிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் வந்த கதை இது. எனக்கு நாலு வயது இருக்கும்போது கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து புதிதாக ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் தாய் செத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நான் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து, அம்மா, அம்மா என்று கொஞ்சிக்கொண்டே ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டிருந்ததை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதுதான், இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். மூன்றாம் நாள் அம்மா என்னைக் குவார்ட்டர்ஸுக்குள் கூட்டிக்கொண்டு போய் எதிரில் உட்கார வைத்தாள்.

“அவங்களுக்கு அப்படிக் கூப்புடறதுக்கு ஆளில்ல கண்ணு. நீ அவங்க முன்னால கூப்புட்டா, பசிச்ச புள்ளைக்கு முன்னால முட்டாய் திங்கற மாதிரி. இனிமே எல்லாப் புள்ளைகளும் கூப்புடற மாதிரி நீயும் அக்கான்னே கூப்புடோணும்.”

குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்தின பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தந்தாள். ஆனால் கதவைச் சாத்த அவள் வந்து சேரும்போது நான் தூங்கிப் போயிருப்பேன். அரசாங்கம் தருகிற சலுகைகள் மாதிரிதான் அதுவும், கேட்க நன்றாக இருக்கும். அப்பாவும் சட்டத்துக்குத் தப்பவில்லை. பெண்டாட்டியை அவர் நாலு பேர் முன்னால் “ஏனுங்க வார்டன், கேரட் மூட்டைய எங்க எறக்கோணுங்க?” என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

நாற்பத்து மூன்றாவது பிள்ளையாக நான் வரிசையில் நின்று வளர்ந்தேன். கம்பளி உடுப்பு மூட்டை வந்தால் எல்லோரும் எடுத்துக்கொண்டு மிச்சம் இருப்பதுதான் எனக்கு. ஆகையால் என் ஸ்வெட்டர்களின் கைகள் எப்போதும் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆடி மாத மழையில் வாரக்கணக்கில் வெயிலே வராது. நாற்பது பேருடைய பாவாடைகளையும் அம்மா கணப்புச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் காயவைப்பாள். பேன் பார்ப்பாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுப்பாள், இத்தலார்க் காய்கறித் தோட்டக்காரர்களிடம் போய் நின்று உருளைக்கிழங்கு கேட்டு வாங்கி வருவாள். எல்லாப் பிள்ளைகளையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். என்னையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று ஜெபம் பண்ணியதும் உண்டு. கர்த்தர் எனக்கு நல்ல ஆரோக்கியத்தைக் கொடுத்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது புஷ்பராணி வந்தாள். இலங்கையிலிருந்து தோட்டத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. வந்த வழியில் முகாமிலேயே அவளுடைய தாய் இறந்துவிட்டாள். என் வயதுதான், என்னைவிட ஒரு சாண் உயரம். பேச்சே கிடையாது. ஆனால் சபையில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசிப்பாள்.

ஒரு நாள் குழாயடியில் தட்டு கழுவும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

“ராவைக்கு ஊட்டுக்குள்ள போயி நீ அக்காவ எப்புடிக் கூப்புடுவ?”

“அம்மான்னு.”

“எங்க, ஒருக்கா கூப்புட்டுக் காட்டு.”

வெளியில் கூப்பிடக் கூடாது, அது சட்டம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கழுவிய தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் அம்மா வேலைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனது. வெள்ளி விழா எடுத்தே தீர வேண்டும் என்று சபையார் முடிவு செய்தார்கள். பேராயர் வருவதாக ஏற்பாடு. இல்லத்தில் படித்துப் போன பழைய பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் போனது. பிள்ளைகள் சார்பில் ஒரு நன்றி மடல் வாசித்துக் கொடுக்க வேண்டும், அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் அறையில் மாட்ட வேண்டும் என்று தீர்மானம். தமிழ் டீச்சர் மடலை எழுதினார். அன்பின் ஊற்றே, ஏழையர் ஏந்தலே, எளியோர் விளக்கே என்று தொடங்கி மூன்று பக்கம் ஓடியது. மூச்சு வாங்க இடமிருந்த இடத்திலெல்லாம் ‘எங்கள் அருமை அக்காவே’ என்று வரும்.

வாசிப்பது நான்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். அம்மா ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டாள்.

“என்ற புள்ளையே என்னையப் பத்திப் படிச்சா நல்லாவா இருக்கும்? புஷ்பராணி படிக்கட்டுங்க டீச்சர்.”

எனக்குக் கிடைத்தது எழுத்து வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், மடலைக் கெட்டி அட்டையில் ஊதா மையில் எழுதும் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார். இரண்டு நாள் சாயங்காலம் ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். முதல் ‘அருமை அக்காவே’ வந்த இடத்தில் பேனா நின்றது. இந்த அட்டை இங்கே சுவரில் தொங்கப்போகிறது. நான் பெரியவளாகிப் போன பிறகும் தொங்கும். அதில் ஒரே ஓர் இடத்திலாவது நான் அவளை அம்மா என்று எழுதிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? புஷ்பராணி பத்து நாளாக ஒத்திகை பார்த்து முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். அட்டையைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிடுவாள். யாருக்கும் தெரியாது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, ‘எங்கள்’ என்பதையும் விட்டுவிட்டு, ‘என் அருமை அம்மாவே’ என்று எழுதினேன். ஓர் இடத்தில் எழுதியதும் ருசி கண்டுவிட்டது. மற்ற இடங்களிலும் அப்படியே எழுதினேன்.

விழா நாளில் நல்ல மழை. சாப்பாட்டுக் கூடத்தில்தான் கூட்டம். நர்ஸானவர்கள், டீச்சரானவர்கள், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள் என்று பழைய பிள்ளைகள் இடுப்பில் குழந்தையோடு வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேராயருக்குப் பக்கத்து நாற்காலியில் அம்மா. கழுத்தில் ரோஜா மாலை. புகழ்ந்து பேசியவர்கள் பேசி முடிக்கும்வரை, தனக்குத் தண்டனை வாசிக்கப்படுவது போலத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அப்பா வாசற்படியில் குடையோடு நின்றார். நான் மூன்றாவது வரிசையில்.

புஷ்பராணி மடலை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். அவள் மனப்பாடம் செய்தது உண்மைதான். ஆனால் அத்தனை பேரைப் பார்த்ததும் பயம் வந்து, கண்ணை அட்டையை விட்டு எடுக்கவே இல்லை. அன்பின் ஊற்றே என்றாள், ஏழையர் ஏந்தலே என்றாள், எளியோர் விளக்கே என்றாள். “என் அருமை” என்றாள். நின்றுவிட்டாள்.

தகரக் கூரைமேல் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. மறந்துவிட்டாள் என்று நினைத்து டீச்சர் ஓரத்திலிருந்து “அக்காவே, அக்காவே” என்று எடுத்துக் கொடுத்தார். புஷ்பராணி அட்டையையே பார்த்தாள். பிறகு அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா” என்றாள், மெதுவாக. அட்டை கீழே இறங்கிவிட்டது. இன்னொரு தடவை, அவளுடைய கணீர்க் குரலில், “அம்மா” என்றாள். அதில் வாசிப்பு எதுவும் இல்லை. தாய் போன நாளிலிருந்து கூப்பிட ஆளில்லாமல் வைத்திருந்ததைக் கூப்பிட்டாள்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மாலையோடு அவளை அணைத்துக்கொண்டாள். அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் வரிசையில் இருந்த கோயம்புத்தூர் நர்ஸ் ஒருத்தி “அம்மா” என்று எழுந்தாள். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. நாற்பது வயதுக்காரிகூட மேடைக்கு ஓடினாள். பேராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேன் இருக்கிறதா என்று பார்ப்பது போல மழையைப் பார்த்தார். மீதி மடலை யாரும் வாசிக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவள் நான். எழுதியவள் நான். கூப்பிட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு நிற்பவள் எவளோ. பின்வாசல் வழியாக வெளியேறி, உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். வெளியே அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள், டீ கொடுக்கிற நேரம். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, எனக்கு எதிரில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மாலையைக் கழற்றியிருந்தாள். சேலையில் ரோஜா இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நன்றாகத் திட்டு விழப்போகிறது என்று நான் உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

“நீதான எழுதுன?”

தலையை ஆட்டினேன்.

“செரி. இனி எல்லாருமே அப்படிக் கூப்புடட்டும். நான் போட்ட சட்டம் போதும்.” கொஞ்சம் நிறுத்தி, “நீயும் கூப்புடு கண்ணு. இப்ப ஒருக்கா கூப்புடு, பாக்கலாம்” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்கு அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அப்போதுதான் கூடத்திலிருந்து யாரோ ஒரு சின்னப் பிள்ளை, “அம்மா எங்க? அம்மாவக் காணோம்” என்று கத்துவது கேட்டது.

“டீ ஆறிப்போகுதுங்க, போங்கக்கா” என்றேன்.

அவள் எழுந்து, சேலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து இல்லம் முழுக்க அவளை அம்மா என்று கூப்பிட்டது. மறுவாரம் புதிதாக வந்த பிள்ளையும் கூப்பிட்டது. நான் ஒருத்திதான் கூப்பிடவில்லை. நாற்பத்திரண்டு பேர் எச்சில் பண்ணியது எனக்கு எதற்கு என்று வீம்பு. கதவைச் சாத்தின பிறகும் கூப்பிடவில்லை. அக்கா என்றால் ஊரே சிரிக்கும் என்பதால் ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்தேன். “பெத்தவகிட்டப் பேசற மாதிரியா இருக்குது? மார்க்கெட்டுல கேரட் வெல கேக்கற மாதிரி இருக்குது” என்று அப்பா கேலி செய்தார். அம்மா மட்டும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ‘ஏனுங்க’ என்றதும் என்ன கண்ணு என்று திரும்புவாள், ஒரு நிமிஷம் என் வாயைப் பார்ப்பாள், பிறகு கேட்டதை எடுத்துக் கொடுப்பாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்து, ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று முதல் கடிதம் எழுதும்வரை அந்த வீம்பு போகவில்லை. அதற்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகும் அவள் பதினைந்து வருஷம் அங்கே வேலை பார்த்தாள். ஓய்வு பெற்றும் வெகுகாலம் இருந்து, எண்பது வயது தாண்டித்தான் போய்ச் சேர்ந்தாள். அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டம் கல்லறைத் தோட்டத்தில் கொள்ளாமல் தேயிலைக்குள் இறங்கி நின்றது. எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் மாறி மாறி நன்றி சொன்னார்கள். புஷ்பராணி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெற்ற பிள்ளை நீங்கள், கடைசியாக நீங்கள் பேசுங்கள் என்று ஆயர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு மடலும் இல்லை, பேச்சும் வரவில்லை. கூப்பிட்டால் போதும் என்று இருந்தது, கூப்பிட்டேன்.

இப்போது வீட்டில் தனியாக இருக்கும்போதும் சில சமயம் வாய்விட்டுக் கூப்பிடுகிறேன். மழை பிடித்துக்கொண்டால் அதிகமாகக் கூப்பிடுகிறேன். அந்தச் சட்டத்தால் பட்டினி கிடந்தது நான் ஒருத்திதான் என்று பத்து வயதில் நினைத்திருந்தேன். யாரோ பெற்ற பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டும் என்பதற்காக, பெற்ற பிள்ளை வாயால் அம்மா என்று கேட்பதை அவளும்தான் விட்டிருந்தாள். ஸ்டோர் ரூமில் மூட்டைமேல் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தபோது, எனக்கு அனுமதி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தவள், தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.