ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டர்

நார்வேயில் நர்ஸாக வேலை பார்த்த பத்தொன்பது வருஷத்தில் நான் அதிகம் பயந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்தின் முதலுதவிக் கூடாரத்தில்தான்.

எழுபது கிலோமீட்டர் பந்தயம். மலையிலிருந்து சர்ரென்று இறங்கும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். காடு, ஏரி, மேடு எல்லாவற்றையும் இரண்டு கைக்கோல்களால் உந்தி உந்தியே கடக்க வேண்டும். எங்கள் கூடாரம் ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில் இருந்தது. மாலை மூன்று மணிக்குள் அதைத் தாண்டாதவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவோம்.

இரண்டே காலுக்கு அந்தோணி வந்தான். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரன், நார்வேயில் நான் இருந்த ஊரின் கப்பல் பட்டறையில் மெக்கானிக். அவன் மனைவி ஸ்டெல்லா காலையிலேயே போன் செய்து, "அக்கா, அவுகள பாத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தாள்.

இமையெல்லாம் பனி உறைந்திருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கையுறையைக் கழற்றினேன். நான்கு விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

"ஏலே, போதும். இங்கனயே நிப்பாட்டிருவோம்."

"இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்தானக்கா. மூணு வருஷமா இதுக்குத்தான் பழகுதேன்."

"விரல் போச்சுன்னா ஸ்பேனரை எதை வச்சுப் பிடிப்ப?"

பந்தயத்திலிருந்து நீக்கும் ஃபாரத்தை எடுத்து அவன் நம்பரை எழுத ஆரம்பித்தேன். பொறுப்பிலிருந்த டாக்டரம்மா அருகில் வந்து, பக்கத்துக் கட்டிலில் கிடந்த, எனக்கு முன்பின் தெரியாத இன்னொரு போட்டியாளரைக் காட்டினார்.

"அவருக்கும் இதே மாதிரி விரல்தானே? அவரை மட்டும் சூடாக்கிப் பார்க்கலாம்னு ஏன் சொன்னீங்க?"

ஃபாரத்தைக் கீழே வைத்தேன்.

ஈரச் சட்டையை மாற்றி, கம்பளி போர்த்தி, அவன் கைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தோம்.

"யாருலே ஒன்னக் கட்டாயப்படுத்துனா?"

"யாருமில்லக்கா. பட்டறையில நாள் முழுக்க ஒரே இரைச்சல். இந்தக் காட்டுக்குள்ள என் மூச்சு மட்டுந்தான் கேக்குது. நாப்பதாவது கிலோமீட்டர்ல அழுதுட்டேன். ஆனாலும் நிக்க மனசு வரல." சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று கத்தினான். "எரியுதுக்கா! மாதாவே, எரியுது!"

எனக்கு உயிர் வந்தது. எரிகிறது என்றால் ரத்தம் திரும்புகிறது. நுனிகள் சிவந்தன. டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். தோல் மிருதுவாக இருந்தது, கொப்புளம் இல்லை. மேல்தோலோடு நின்றுவிட்ட உறைவுதான். நடுக்கமும் அடங்கியிருந்தது.

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லு" என்றேன், மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க.

"அது சும்மா இருக்கும்போதே எனக்கு வராதேக்கா!"

டாக்டரம்மாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். சிரித்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஒன்றுவிடாமல் போட்டான். காய்ந்த கையுறை கொடுத்து, விரல் மறுபடி மரத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினோம். மூன்றடிக்க ஏழு நிமிஷம் இருந்தது.

அப்புறம்தான் காற்று கிளம்பியது. கூடாரத் துணி படபடத்தது. ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அக்கா, அவுக எங்கன வாராவ?"

"வந்துக்கிட்டே இருக்கான்ளா" என்றேன். எங்கே என்று எனக்கும் தெரியாது. ஒன்றே முக்கால் மணி நேரம் அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வெந்நீர் ஊற்றப்போய் என் கையிலேயே கொட்டிக்கொண்டேன்.

கடைசியில் வாக்கிடாக்கியில் அவன் நம்பரைச் சொன்னார்கள். பந்தய முடிவுக் கோட்டைத் தொட்டுவிட்டான். விரல்கள் நன்றாக இருக்கின்றன. காலியாய்க் கிடந்த கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் அழுவதைப் பார்த்த டாக்டரம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை சூப்பை நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அந்தோணியே கூப்பிட்டான். "அக்கா, எனக்குப் பின்னால மூணே பேருதான். ஆனா முடிச்சிட்டேன்க்கா."

இப்போது தூத்துக்குடியில் நர்சிங் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். கேஸ் தெரிந்தவராக இருந்தால் பக்கத்துக் கட்டிலையும் ஒரு தடவை பாருங்கள் என்று சொல்கிறேன். அங்கே கிடக்கும் முகம் தெரியாதவருக்கு என்ன செய்வீர்களோ, அதையே இவருக்கும் செய்யுங்கள். பயப்படுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.