விரல் நீளக் கொழுக்கட்டை

முருங்கைக் கொத்தை ஒடித்துப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட வேண்டும். காலையில் அவிழ்த்து உதறினால் இலை தானாக உதிரும். காம்பு தனியே வந்துவிடும். பல் முளைக்காத பிள்ளைக்குக் காம்பு ஆகாது, தொண்டையில் நிற்கும். இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பேன். மீசை வைத்த ஆம்பிளை, சைக்கிளில் போய் இறங்கி, கடற்கரை மணலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, கைப்பிள்ளைகளுக்குப் பண்டம் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் பக்கத்தில் பிளாக் ஆபீஸ்கள் புதிதாகத் திறந்திருந்தார்கள். மதுரையில் இன்டர்மீடியட் வரை படித்திருந்த என்னைக் கிராம சேவகனாக எடுத்துச் சாயல்குடியில் போட்டார்கள். மாரியூரும் அதை ஒட்டிய மீனவக் குடியிருப்புகளும் என் பொறுப்பு. தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் ஊழியர் வர வேண்டும். அந்த உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் வர எந்தப் பெண்ணும் ஒப்பவில்லை. ஆகவே அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. பயிற்சி கொடுத்தார்கள். நான் நன்றாகப் படிக்கிறவன், நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

கேப்பை மாவை வெறுஞ்சட்டியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். பரங்கிக்காயைத் தோல் சீவித் துண்டு போட்டு, தண்ணீரே விடாமல் மூடி வைத்தால் தன் நீரிலேயே குழைந்துவிடும். சீனிக்கிழங்கு கிடைத்தால் அதையும் அவித்து மசித்துச் சேர்க்கலாம். கீரையை வதக்கி, அம்மியில் ஓர் ஓட்டு ஓட்டி, எல்லாவற்றையும் மாவோடு கலந்து ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும். காய் அதிகமாகவும் மாவு குறைவாகவும் இருக்க வேண்டும். பெண்கள் இதை மாற்றித்தான் செய்வார்கள். கேப்பை வீட்டில் இருக்கும், பரங்கிக்காய் சந்தை நாளில்தான் கிடைக்கும். பிசைந்ததைச் சுண்டுவிரல் நீளத்துக்கு உருட்டி, பானை வாயில் துணியால் வேடு கட்டி அதன்மேல் அடுக்கி அவிக்க வேண்டும். பிள்ளை அதைக் கைக்குள் மூடிப் பிடித்தால் இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தானே வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும். ஒரு துண்டை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்வேன். பல் படாமல் கரைந்தால் கொடுக்கலாம்.

சென்னையிலிருந்து எனக்கு ஒரு வர்ணப் படம் அனுப்பியிருந்தார்கள். அதில் காரட் வரைந்திருந்தது. அந்தக் கரையில் காரட்டை யாரும் பார்த்ததில்லை.

“இதென்ன சார், பழுத்த மிளகாயா?” என்றாள் ஒருத்தி. “பச்சப் பிள்ளைக்கு மிளகாயக் குடுக்கச் சொல்லுதா கவர்மெண்டு?”

“ஒம் மாமியாருக்குக் குடு அத” என்றாள் இன்னொருத்தி. மணலில் உருண்டு சிரித்தார்கள்.

எனக்கு அங்கே கொழுக்கட்டை வாத்தியார் என்று பெயர். சைக்கிள் தலை தெரிந்ததும், “ஏடி, கொழுக்கட்டை வாத்தியாரு வந்துட்டாரு, அடுப்ப மூட்டுங்கடி” என்று குரல் கேட்கும். நான் போகிற நாளில் அவிப்பார்கள். போகாத நாளில் அவித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. கொழுக்கட்டை தின்ற பிள்ளைகளிலும் சில, மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கில் செத்தன. அந்த வேலையால் பெரிதாக எதுவும் நடந்ததாக இன்றும் நான் நம்பவில்லை.

வலை பின்னுகிற பெண் ஒருத்தி மட்டும் தவறாமல் வந்து முன்னால் உட்காருவாள். அவளுடைய மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. ஒருநாள் கையில் மாவை உருட்டிக்கொண்டே கேட்டாள்: “சார் வீட்டுலயும் பொம்பளப் பிள்ள இருக்குல்ல. அதும் இதத்தான் திங்குதா?”

“தினமும்” என்றேன்.

அது பொய். என் மகள் வாயில் அந்தக் கொழுக்கட்டை ஒருநாளும் பட்டதில்லை.

இதற்கு நான் யாரையும் காரணம் சொல்ல முடியாது. நான் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம், வானம் பார்த்த பூமியில். கேப்பைக் கூழும் முருங்கைக் கீரையும் தின்றே வளர்ந்தேன். மதுரையில் விடுதியில் சேர்ந்தபோதுதான் மூன்று வேளையும் அரிசிச் சோறு பார்த்தேன். இனி என் வீட்டில் கேப்பை வேகாது என்று அன்றே முடிவு செய்தேன். மகள் பிறந்து சோறூட்டும் பருவம் வந்தபோது என் மனைவி கேப்பையை முளைகட்டப் போனாள். தடுத்தவன் நான்தான். “நான் படிச்சது எம் பிள்ள கேப்பை திங்கவா?” என்று கேட்டேன். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளைச் சோற்றைக் குழைத்துச் சீனி போட்டு ஊட்டினாள். பாம்பன் வழியாக வருகிற தெரிந்த ஒருவர் சிலோன் பிஸ்கட் டின் கொண்டுவந்து தருவார். மகள் இரண்டு கையிலும் பிஸ்கட் வைத்துக்கொண்டு திரிவாள். குண்டாக, வெள்ளையாக இருந்தாள். கடற்கரைப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து அவளைத் தூக்கும்போது எனக்குத் திருப்தியாக இருக்கும். கீரையும் கேப்பையும், வசதி இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஒரு சாயங்காலம், விளக்கு ஏற்றுகிற நேரம், தரையில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் பிஸ்கட்டை வைத்தேன். அவள் உள்ளங்கையைத் தரையில் பரப்பித் தேடினாள். பிஸ்கட்டுக்கு இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். கை பட்டதும் எடுத்துக்கொண்டாள்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். மாலைக்கண். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். அதைத் தடுக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சைக்கிள் கொடுத்திருந்தது.

மறுநாளே பரங்கிக்காய் வாங்கினேன். நானே அடுப்படியில் உட்கார்ந்து உருட்டினேன். மனைவி வாசலில் நின்று சிரித்தாள். “கேப்பை திங்கவா படிச்சேன்னு கேட்டீக. இப்ப நீங்களே கிண்டுறீக?” பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் நம்பவில்லை, பகலில் ஓடியாடுகிற பிள்ளைக்குக் கண்ணில் என்ன என்றாள். மகள் ஒரு கடி கடித்துத் துப்பினாள். சீனிக்குப் பழகிய வாய். அடுத்த நாளும் துப்பினாள். வீறிட்டு அழுதாள். கருப்பட்டி சேர்த்துப் பார்த்தால் தின்பாள் என்று எனக்குத் தோன்றியது. குடியிருப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். பத்துத் தடவை துப்பினாலும் பதினோராம் தடவை கொடு என்பேன். என் வீட்டில் இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அவளுக்கு மணல்வாரி அம்மை போட்டது.

செய்தி கேட்டு ஊரிலிருந்து என்னைப் பெற்ற அய்யா வந்தார். வாசலில் வேப்பங்கொத்துச் செருகினார். எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் அம்மனே வந்து தங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தாளிக்கக் கூடாது, எண்ணெய் அடுப்பேறக் கூடாது, கீரை ஆகாது, மீன் வாடையே ஆகாது. மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றி அம்மனை வழியனுப்புகிற வரைக்கும் பிள்ளைக்குப் பச்சரிசிக் கஞ்சியும் இளநீரும்தான். அய்யா எழுத்தறியாதவர். என்னைப் படிக்கவைப்பதற்காக உழவு மாட்டை விற்றவர். அவர் பேச்சை நான் எதிர்த்ததில்லை.

அம்மை கண்ட பிள்ளைக்குத்தான் கீரையும் காயும் எண்ணெயும் மற்ற நாளைவிட அவசரமாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு ஆபத்து என்று பயிற்சியில் தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஆபீசில் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சுறா எண்ணெய் பாட்டில் இருந்தது. அதில் ஒன்றை என் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகத் துணியவில்லை. பாட்டிலை மூடியிருந்தாலும் அதன் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் நாள் குடியிருப்புக்குப் போனேன். வலை பின்னுகிற பெண்ணிடம் என் பிள்ளைக்கு அம்மை என்று சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதா காப்பாத்துவா சார்” என்றாள். வேறு கேள்வி கேட்காமல் அடுப்பை மூட்டினாள். கீரையும் பரங்கிக்காயும் அவள் வீட்டில் இருந்தன. மாவில் சுறா எண்ணெயை நான் விட்டேன். வாடை தெரியாமல் இருக்கக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அவளுடைய மகன் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மிச்சத்தை வாழையிலையில் சுற்றித் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

அய்யா வேப்பங்கொத்தின் கீழ் நின்றிருந்தார்.

“கையில என்னலே?”

“ஒண்ணுமில்லய்யா.”

“எங்கன போய்ட்டு வார?”

“ஆபீசுக்கு.”

அவர் மூக்கைச் சுளித்தார். “மீன்காரங்க பக்கம் போனியா? மேலெல்லாம் வீசுது. ஆத்தா உள்ள இருக்கா, தெரியும்ல? போய்த் தலைக்கு ஊத்திட்டு வா. பிள்ளைக்கு எதும் ஆச்சுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பயந்திருந்தார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அய்யா, இது மருந்து. கொடுக்காவிட்டால் கண் போய்விடும்’ என்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே என் தொழில். நான் சொல்லவில்லை. கொல்லைக்குப் போனேன். முடிச்சை அவிழ்த்து வேலி ஓரம் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஆடு வந்து தின்றது. கிணற்றடியில் நின்று நாலைந்து வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சுத்தமாக உள்ளே போனேன். மகள் வேப்பிலையின் மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

அதன்பிறகு அவள் வெளிச்சத்தில் கண் திறக்கவே இல்லை. திறக்கச் சொன்னால் அழுதாள். அம்மன் கண்ணில் இறங்கியிருக்கிறாள் என்றார்கள், இளநீர் விட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று மனைவி இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இரண்டு கண்ணிலும் கருவிழி வெந்த முட்டையைப் போல வெளுத்திருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிள்ளை என்ன சாப்பிடும் என்று கேட்டார். மனைவி சோறு, சீனி, பிஸ்கட் என்று சொன்னாள். “கீரை, காய் ஒண்ணும் கொடுக்கிறதில்லையாம்மா?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கிளார்க் என்று சொன்னேன்.

அந்தக் கொழுக்கட்டையைத் தின்றிருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பிந்திப்போயிருக்கலாம். அப்படி நினைத்து ஆறுதல் அடையப் பல வருஷம் முயன்றிருக்கிறேன்.

வேலையை விடவில்லை. மாறுதல் வாங்கிக்கொண்டு கீழக்கரைப் பக்கம் போனேன். அங்கேயும் அதையே சொல்லிக்கொடுத்தேன். மாரியூர்ப் பக்கம் திரும்பப் போகவே இல்லை. அய்யா பேத்திக்காக விரதம் இருந்து இருந்து மெலிந்து செத்தார். அம்மனுக்குத் தான் ஏதோ குறை வைத்துவிட்டதாகவே கடைசிவரை நம்பினார். மனைவி அந்த ஆஸ்பத்திரிப் பார்வைக்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்டதில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகளும் நானும்தான் இருக்கிறோம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்குள் தடவித் தடவி எல்லா வேலையும் செய்வாள். கண் இருந்த காலம் நினைவில்லை என்கிறாள். நிறம் என்றால் என்ன என்று சின்ன வயதில் கேட்பாள், இப்போது கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் அவளுக்கு. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். தீபாராதனையின்போது சூடத்தின் சூடு முகத்தில் படுகிற பக்கமாகத் திரும்பிக் கும்பிடுவாள். போன வாரம் அர்ச்சகர் ஏதோ பரிதாபமாகச் சொன்னதற்கு அவள் பதில் சொன்னாள்: “கண்ண எடுத்துக்கிட்டு உசிரக் குடுத்துட்டா சாமி. அவ மேல எனக்கு வருத்தமே இல்ல.”

பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. விபூதியை வாங்கி அவள் நெற்றியில் பூசிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.