மஞ்சள் துணியில் மாறிப்போன கடவுச்சீட்டு

தீவுப்பக்கம் போக இருக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு கேள்விகள். லோஞ்ச், அதுதான் மோட்டார்ப் படகு, எத்தனை மணிக்கு? கடவுச்சீட்டு தொலைந்தால் பயணக் காப்புறுதி கைகொடுக்குமா? இரண்டுக்கும் என் பதில் ஒரே கதைதான். நடந்தது 1979 ஆனி மாதம். இத்தனை வருடம் கழிந்தும் எழுத உட்கார்ந்தவுடனே கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் குவைத்தில் வேலை. ஒரு மாத லீவில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் சரவணை என்ற ஊரில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். லீவு முடிகிற வெள்ளி இரவு கொழும்பில் விமானம். சனிக்கிழமை வேலைக்கு நிற்காவிட்டால் என் இடத்தில் வேறு ஆள்.

லீவு முடிய ஆறு நாள் இருக்கையில், நயினாதீவு அம்மனிடம் போகவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றா. வெளிநாடு போகிறவர்கள் கடவுச்சீட்டை அர்ச்சனைத் தட்டில் வைத்து எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா அதைப் புது மஞ்சள் துணியில் சுற்றி, வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில் வைத்தா.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பஸ். சரவணையிலிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒன்பது மைல், முக்கால் மணி நேரம். அங்கிருந்து நயினாதீவுக்கு லோஞ்சில் இருபது நிமிடம். கோயிலில் நல்ல சனம். பூசை முடிந்து தட்டுகள் வரிசையாக வந்தன. அக்கா கை நீட்டி ஒன்றை எடுத்தா. மஞ்சள் பொட்டலம் இருந்தது, தேங்காய்ப்பாதி இருந்தது. வேறென்ன பார்க்கவேண்டும்? பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டில் இருந்தோம்.

துணியை அவிழ்த்தால் உள்ளே ஒரு கொப்பி. யாரோ ஒரு பெண்ணின் சாதகம். முதல் பக்கத்தில் பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், ஊர் நெடுந்தீவு. அளவும் துணியும் அச்சொட்டாக ஒன்றுதான். என் கடவுச்சீட்டு அவர்கள் தட்டோடு நெடுந்தீவுக்குப் போய்விட்டது. அக்காவைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன்.

ஞாயிறு விடியவே குறிகட்டுவானில் நின்றேன். நயினாதீவு லோஞ்ச் ஓடியது. நெடுந்தீவு லோஞ்ச் கட்டிக் கிடந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று, திறந்த கடல் கொந்தளித்தது.

"எப்ப ஓடும்?" என்று லோஞ்ச்காரரைக் கேட்டேன்.

"காத்து விழுந்தால் ஓடும் தம்பி. இண்டைக்கு ஏலாது."

திரும்பிப் பொலிசுக்குப் போனேன். கடவுச்சீட்டு தொலைந்தது என்று முறைப்பாடு எழுதித் தரச்சொன்னேன். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல, எழுதுகிறவர் பேனையை மூடினார்.

"அது நெடுந்தீவில கிடக்கெண்டு நீரே சொல்லுறீர். பிறகென்ன துலைஞ்சது?"

திங்கட்கிழமை யாழ்ப்பாணம் பட்டினம். காப்புறுதி முகவரின் மேசையில் பத்திரத்தையும், அத்தாட்சியாக அந்தச் சாதகத்தையும் வைத்தேன். காப்புறுதி எடுத்தபோது, கடவுச்சீட்டு களவு போனாலோ தொலைந்தாலோ வேறு விமானத்தில் அனுப்புவோம் என்று சிரித்துக்கொண்டு சொன்ன ஆள் இவர்.

"களவு இல்லை. துலையவும் இல்லை. நீங்களாக் குடுத்து மாறிப்போச்சு. இதுக்குப் பத்திரத்தில இடமில்லை."

"அப்ப கடலுக்கை விழுந்திருந்தால்?"

"அப்பிடியெண்டால் தரலாம்."

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். பொய் சொல்லியிருந்தால் காசு. உண்மை சொன்னதற்கு ஒரு சோடாகூட இல்லை.

குவைத்துக்குத் தந்தி அடித்தேன். பொலிஸ் கடிதமோ காப்புறுதிக் கடிதமோ இருந்தால் பொறுப்போம், இல்லாவிட்டால் சனிக்கிழமை புது ஆள் என்று செவ்வாய் பதில் வந்தது. அன்று அக்கா மெல்லச் சொன்னா, "அந்தப் பிள்ளையின்ர ஆக்களுக்கும் ஒரு தந்தி அடியன்."

"தந்தி அடிச்சால் பாஸ்போட் பறந்து வருமோ?" என்று அவவில் பாய்ந்தேன். அவ குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா.

புதன், வியாழன் இரண்டு நாளும் குறிகட்டுவானில் காற்றைத் திட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளி காலை காற்று விழுந்தது, லோஞ்ச் ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு மேலே கடல், எல்லோரும் நனைந்துபோனோம். நெடுந்தீவில் இறங்கும்போதே தெரியும், இனிக் கொழும்புக்குப் போய்ச் சேரமுடியாது. வேலை போய்விட்டது. அந்தக் கொதியோடுதான் விசாரித்து விசாரித்து இரண்டு மைல் நடந்து அந்த வீட்டுப் படலையைத் திறந்தேன்.

பெண்ணின் தாய் வெளியே வந்தா. நான் வாய் திறக்குமுன் என் கையிலிருந்த மஞ்சள் துணியைக் கண்டுவிட்டா. உள்ளே போய்ச் சாமிப்படத்தடியில் இருந்த என் கடவுச்சீட்டை எடுத்துவந்து நீட்டினா. ஒரு மடிப்பில்லை.

"கொஞ்சமாவது பாத்து எடுக்கக்கூடாதோ?" என்றேன். "எனக்கு வேலை போச்சுது."

"தம்பி, உம்மட புத்தகத்தில யாழ்ப்பாணம் எண்டுதான் கிடந்தது. யாழ்ப்பாணத்தில ஆரெண்டு தேடுறது? எங்கட கொப்பியில ஊர், பேர் எல்லாம் கிடந்ததெல்லோ? ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே?"

சாதகக் கொப்பியை அவவிடம் நீட்டினேன்.

"திங்கட்கிழமை மாப்பிளை பகுதி, இந்தத் தீவு ஆக்கள்தான், இஞ்சை வந்து சாதகம் கேட்டவை. கோயிலில மாறிப்போச்செண்டு சொன்னன். சாமிக்கு வைச்ச சாதகமே துலைஞ்சால் சகுனம் சரியில்லை எண்டு செவ்வாய்க்கிழமை முழுக்கப் பாத்திருந்திட்டு, புதன்கிழமை வேண்டாமெண்டு சொல்லிவிட்டினம். கொப்பி பத்திரமாக் கிடக்கெண்டு ஒரு சொல்லு வந்திருந்தால் காணும், அவை பொறுத்திருப்பினம்."

அந்தப் பெண் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். முகத்தில் அழுகை இல்லை, கோபம்தான். நான் கொண்டுவந்த கோபம் அதுக்கு முன்னால் எந்த மூலைக்கும் போதாது.

ஏழு மாதம் கழித்து எனக்கு வேறு வேலை கிடைத்தது. அந்த வீட்டுக்குத் திரும்பப் போக எனக்கு முகம் இருக்கவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: ஆனி, ஆடியில் நெடுந்தீவுக்குப் போனால் இரண்டு மூன்று நாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கடவுச்சீட்டு இலக்கத்தை வேறாக எழுதி வீட்டில் வையுங்கள், உள்ளே ஒரு கடதாசியில் உங்கள் ஊர் விலாசத்தையும் எழுதிச் செருகுங்கள். தட்டை வாங்கினால் அந்த இடத்திலேயே துணியை அவிழ்த்துப் பாருங்கள். காப்புறுதிப் பத்திரத்தின் பொடி எழுத்தைக் காசு கட்டுவதற்கு முதல் வாசியுங்கள். பொலிசையும் முகவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நாளும் ஊர் ஊராகப் போய் என் பொருள் தொலைந்தது என்று கத்தினேனே, இன்னொருத்தியின் பொருள் என் கைக்குள்ளேயே இருந்தது.