லேத் ஜஹாங்கீரும் மார்ட்டினி துப்பாக்கியும்

ஜஹாங்கீரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ராயபுரத்தில் அவனுடைய லேத் பட்டறைக்கும் என்னுடைய வெல்டிங் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். படகு இன்ஜினுக்கு ஷாஃப்ட் வேண்டுமென்றால் முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் நேராக அவனிடம்தான் வருவார்கள். நூலளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவான். அரைகுறையாக ஒரு வேலையை வெளியே அனுப்பமாட்டான். அந்தக் குணம்தான் அவனைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோனது.

யானைக்கவுனியில் பழம்பொருள் விற்கும் பாலகணேஷ் அண்ணாச்சி, பொங்கல் கழிந்து ஒரு துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மார்ட்டினி-ஹென்றி. விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு. விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதை இறக்கினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை சாய்ந்து குழலின் பின்வாய் திறக்கும். ஒரு தோட்டாவைப் போட்டு நெம்புகோலை ஏற்றிவிட்டுச் சுடவேண்டும். அடுத்த தோட்டாவுக்கு மறுபடி இறக்கவேண்டும். இதில் நெம்புகோல் துருப்பிடித்து இறுகியிருந்தது. தோட்டாவைக் குத்தும் ஊசியும் அதன் ஸ்பிரிங்கும் இல்லவே இல்லை. சுவரில் மாட்டத்தான், நெம்புகோல் அசைந்தால் போதும் என்றார் அண்ணாச்சி.

ஜஹாங்கீர் நாலு நாள் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். போனில் தேடிப் படித்துவிட்டு எரிச்சலோடு என்னிடம் வந்தான். வெள்ளைச் சிப்பாய் இதை வைத்திருந்தபோது நம்மூர்ச் சிப்பாய்க்குக் கொடுத்தது அதற்கு முந்தைய ஸ்னைடர் துப்பாக்கியாம். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அவ்வளவு பயம். வெள்ளைக்காரன் கைக்கு இதைவிடப் புதிது வந்த பிறகுதான் இது நம்மவன் கைக்கு வந்ததாம். அந்த எரிச்சலிலோ என்னவோ, யாரும் கேட்காத ஊசியையும் ஸ்பிரிங்கையும் செய்து உள்ளே வைத்துவிட்டான். ஊசி இல்லாதவரை அது அலங்காரச் சாமான், போட்டால் ஆயுதம், வேண்டாமென்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உள்ள காலியா வெச்சுக் குட்த்தா அது இன்னா வேலை மாமு?" என்றான்.

அண்ணாச்சியிடம் அதை வாங்கிய பங்களாக்காரர் நெம்புகோலை இறக்கி ஏற்றி, விசையை 'டக்'கென்று இழுத்து வீடியோ எடுத்துப் போட்டார். போலீஸ் அவரைப் பிடித்தது. அவர் அண்ணாச்சியைக் காட்டினார். அண்ணாச்சி ஜஹாங்கீரைக் காட்டினார்.

ஸ்டேஷனில் அண்ணாச்சிக்கு நாற்காலியும் டீயும். ஜஹாங்கீர் இரண்டு மணிநேரம் நின்றான், துணைக்குப் போன நானும் நின்றேன். ஆயுதச் சட்டத்தில் போட்டால் உள்ளேதான் என்றார் இன்ஸ்பெக்டர். அண்ணாச்சியின் வக்கீல் ஒரு வழி சொன்னார். எனக்கு இந்த வேலை தெரியாது, ஏதோ கம்பியைச் சொருகினேன், இது சுடாது என்று ஜஹாங்கீர் எழுதிக் கொடுத்தால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். வக்கீலே எழுதியும் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஊசியைக் கழற்றி டிராயரில் போட்டுக்கொண்டு பேனாவை நீட்டினார்.

ஜஹாங்கீர் வாங்கவில்லை. "அது சுடும் சார். நான் செஞ்சது."

அங்கேயே அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு. வாசலில் நின்ற அவன் மனைவி ரஹீமுன்னிசா உள்ளே வந்தாள். இன்ஸ்பெக்டரை அவள் பார்க்கவே இல்லை.

"உங்க வேலை எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, வூட்டுக்குப் போலாம்."

போட்டான். அதற்குப் பிறகு மூன்று வாரம் பட்டறையைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் சொன்ன ஒரே பொய் அது, அதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள் பாவிகள்.

ஜூலையில் அண்ணாச்சி மறுபடி வந்தார். சாக்கில் இரண்டு மார்ட்டினி. வாங்குகிறவர்களுக்கு அந்த 'டக்' சத்தம் பிடித்துப்போயிற்றாம். அதேபோல் ஊசி வைத்துக் கொடு, ஏதாவது வந்தால் நம் வக்கீல் இருக்கிறார் என்றார், சிரித்துக்கொண்டே. கையில் இருந்த சுத்தியலை நான் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன்.

ஜஹாங்கீர் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"எனக்குத்தான் வேலை தெரியாதுன்னு எய்தி வாங்கினீங்களே அண்ணாச்சி. இப்ப நீங்க எய்துங்க. அது சுடும், நான்தான் ஊசி வெக்கச் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்பால சாக்கைப் பிரிங்க."

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. அப்படி எழுதினால் உள்ளே போவது யார் என்று அவருக்குத் தெரியும். சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.