ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் தோற்றமும் பரவலும்

மகள் பிறந்த அன்றே அவளுடைய கணுக்காலில் ஒரு பிளாஸ்டிக் பட்டி கட்டிவிட்டார்கள். அதில் 'பேபி' என்று போட்டு, பக்கத்தில் என் குடும்பப் பெயர். இங்கே மருத்துவமனையில் குழந்தையைத் தாயின் பெயரால்தான் குறிப்பார்கள். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து ரயில் மாறி மாறி வந்த அப்பா பேத்தியின் முகத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலைப் பார்த்தார்.

"உந்தப் பட்டியை எப்ப கழட்டுவினம்?"

"வீட்ட போகேக்க, அப்பா."

"கெதியாக் கழட்டச் சொல்லு."

தோலில் உராயும் என்று பயப்படுகிறாராக்கும் என நினைத்தேன். அவருடைய பயம் வேறு என்பது சில நாள்கள் கழித்துத்தான் விளங்கியது.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வீட்டு முகவரியை எழுதியது போலாகிவிடும். அன்றைய தேதிக்கு உலகத்தில் அதை வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்: அப்பாவும் நானும். அம்மா தன் தகப்பனின் பெயரிலேயே வந்தவர். யாழ்ப்பாணத்தில் தேடினாலும் கிடைக்காது. அது லண்டனில் பிறந்த பெயர்.

யாழ்ப்பாணத்துக்காரருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயர் முன்னால் வரும், தன் பெயர் பின்னால் வரும், அடுத்த தலைமுறையில் முன்னால் நின்றது விழுந்துவிடும். அப்பா இருபத்துச் சொச்சம் வயதில் அகதியாக இங்கே வந்து, குடிவரவு அலுவலகத்தில் ஒரு கவுண்டரின் முன்னால் நின்றபோது நீட்டப்பட்ட படிவம் அவரிடம் முதலில் கேட்டதே அந்த இல்லாத ஒன்றைத்தான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "சர்நேம் எண்டா தேப்பன்ர பேர், தம்பி" என்றிருக்கிறார். அப்பா தன் தகப்பனின் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பத் தொடங்கினார். பெயருக்கு ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. கட்டங்கள் பன்னிரண்டு. 'த' என்ற ஒலியை நாங்கள் டி, எச் என்று இரண்டு எழுத்தால் எழுதுவோம். கடைசிக் கட்டம் டியோடு முடிந்துவிட்டது. எச்சும் அதற்குப் பின்னால் வர வேண்டிய இரண்டு எழுத்துகளும் இங்கிலாந்துக்குள் நுழையவில்லை.

நான் தரவுத்தளப் பொறியியலாளர். வரும் தகவல் ஒதுக்கிய இடத்தைவிட நீளமானால் வால் வெட்டுப்படும்; அப்படி வெட்டுப்பட்ட பெயர்களையும் முகவரிகளையும் கண்டுபிடித்து ஒட்டுவது என் வேலையில் ஒரு பங்கு. ஆகவே எங்கள் பெயருக்கு என்ன நடந்தது என்பதில் எனக்கு மர்மம் ஒன்றுமில்லை. பள்ளியில் டீச்சர்மார் நான் இத்தாலியா, ருமேனியாவா என்று கேட்டார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இன்னும் சிக்கல். தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. எங்கள் பெயர் 'ட்' என்று பட்டென முடிகிறது. இடாப்பில் பெயர் கூப்பிட்ட ஆசிரியை மனம் கேளாமல் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து வாசிப்பார். வகுப்பு முழுவதும் சிரிக்கும். நான் கையை உயர்த்தி, "உகரம் இல்லை, டீச்சர்" என்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன்.

இங்கிலாந்தில் குழந்தை பிறந்து நாற்பத்திரண்டு நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மகளுக்கு முதற்பெயரைக் கலியாணத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தோம். பின்னால் எது வரும் என்பதுதான் பாக்கி. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய வேலைப்பட்டியலில் அதற்கு மூன்றாம் இடம், மருத்துவத் தாதியின் வருகைக்கும் தடுப்பூசிக்கும் கீழே. தெரிவுகளைத் தனித் தாளில் எழுதினேன்:

ஒன்று, கணவரின் முதற்பெயர். தகப்பன் பெயர் பிள்ளைக்கு, ஊர்முறை. மாமியின் விருப்பம்.

இரண்டு, கணவரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருக்கும் அவருடைய தகப்பனின் பெயர். இந்த நாட்டு முறை.

மூன்று, என் பெயர். விரும்புபவர்: நான்.

கணவர் தாளைப் பார்த்தார். நாங்கள் குடியிருக்கும், மிச்சம் என்ற தெற்கு லண்டன் பகுதியிலேயே வளர்ந்தவர், எதற்கும் பதறாதவர். "மூண்டு பேருக்கு எத்தினை சர்நேம்? பார்சல் கொண்டு வாறவன் இதை ஷெயாரிங் ஹவுஸ் எண்டுதான் நினைக்கிறான்."

"உமக்கு எது விருப்பம்?"

"என்ர பேர் எனக்கு மட்டும் இருந்தாக் காணும். ஆனா அம்மாவுக்கு நீர்தான் சொல்ல வேணும். நான் அண்டைக்கு ஷிப்ட்."

"எண்டைக்கு?"

"நீர் சொல்லுற அண்டைக்கு."

மாமியிடம் நானே சொன்னேன். "தேப்பன் இல்லாத பிள்ளை மாதிரியெல்லோ இருக்கும்" என்றார். தகப்பன் அப்போது பக்கத்து அறையில் பிள்ளைக்கு நாப்பி மாற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபம் போகவில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் அலுவலகத்து எதிர்மேசைக்காரரைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆங்கிலேயர். அவருடைய குடும்பப் பெயர் இந்த நாட்டிலேயே அரிதானது. மதிய இடைவேளைகளில் அதை ஆராய்வார். தேவாலயப் பதிவேடுகளிலிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த திருமணங்களையும் அடக்கங்களையும் வரைபடத்தில் ஏற்றித் தரும்படி கேட்டார். பிரசவ விடுப்புக்கு முந்திய வாரங்களில் அதைச் செய்து கொடுத்தேன். வடக்கே ஓர் ஆற்றோரம் புள்ளிகள் அடர்ந்தன. அந்த இடத்தில் முன்பு ஒரு சிற்றூர் இருந்ததாம், இப்போது ஆடுகள் மட்டும். அங்கிருந்து ஒரு கோடு ஆலை நகரங்களுக்கு, ஒரு கோடு துறைமுகத்துக்கு. ஒவ்வொரு புள்ளியும் தோன்றத் தோன்ற அவர் குழந்தைபோல் மேசையைத் தட்டினார்.

அவருக்கு மிகப் பிடித்தது ஒரு தவறு. ஊரின் பெயரில் ஓர் 'எல்' தான் உண்டு. ஏதோ ஒரு பாதிரியார் காது மந்தமோ கை மந்தமோ, இரண்டு 'எல்' எழுதிவிட்டார். அன்றிலிருந்து இவர்கள் கிளைக்கு இரண்டு. "அந்த ஒரு எழுத்துத்தான் நாங்கள்" என்றார். மார்பைத் தொட்டுக்கொண்டு சொன்னார்.

அடுத்த நாள் விளையாட்டாக என் பெயருக்கும் ஒரு வரைபடம் செய்து காட்டினேன். லண்டனில் இரண்டு புள்ளிகள்: செவன் கிங்ஸ், மிச்சம். தோற்றம்: ஒரு கவுண்டர். காரணம்: கட்டம் போதவில்லை. அவர் ரசித்துச் சிரித்தார். பிறகு அன்பாகவே சொன்னார், "ஆனால் உங்களுடையது குடும்பப் பெயர் இல்லையே. அது பதிவுப் பிழை. இப்போது சுலபமாகத் திருத்தலாம், தெரியுமா?"

"உங்கள் இரண்டாவது எல்?"

"அது நூற்றாண்டுகளுக்கு முந்தியது."

"எத்தனை வருடம் போனால் பிழை பெயராகும்? எல்லையைச் சொல்லுங்கள், நிரலில் போட்டுவிடுகிறேன்."

நான் பதிலுக்குக் காத்திருந்தேன். நாகரிகம் கருதி விட்டுக்கொடுத்திருக்கலாம், விடவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியவில்லை" என்றார். நல்ல மனிதர். பிள்ளை பிறந்ததும் வாழ்த்து அட்டை அனுப்பினார். உறையின் மேல் என் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்.

அவர் ஒரு தடையே இல்லை. தடை அப்பா.

எனக்குச் சிசேரியன். ஆறு வாரம் கார் ஓட்டக் கூடாது. அப்பா கிழமையில் மூன்று நாள் செவன் கிங்ஸிலிருந்து காரில் வந்து எங்களை ஏற்றி இறக்கினார். ஒரு நாள் அடுப்படியில் பால்போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் குளிர்சாதனப் பெட்டியில் தாளைப் பார்த்துவிட்டார். மூன்றாவது தெரிவைச் சுற்றி நான் வட்டம் போட்டிருந்தேன்.

"உது வேண்டாம் பிள்ளை."

"ஏன் அப்பா?"

"அது பேரே இல்லை. அறுந்தது. என்னோட போகட்டும்." ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பேனையை எடுத்து, தாளில் நான்காவதாகத் தன் தகப்பனின் முழுப் பெயரையும் எழுதினார். பதினைந்து எழுத்து. ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில், ஆற அமர. "பேரப்பிள்ளைக்கெண்டாலும் முழுசா வை. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"அப்ப நீங்கள் ஏன் இவ்வளவு காலமும் மாத்தேல்ல?"

"எப்பிடி மாத்திறது? முதல்ல அகதிக் கேஸ். பேரைத் தொட்டா வேற ஆள் எண்டுவாங்கள். பிறகு விசா, பிறகு பாஸ்போட், பிறகு வீடு. எல்லாத்திலயும் அதுதானே."

"ஆர் வெட்டினது, அந்த ஒபிசரா?"

அப்பா குழாயை மூடினார். "அவன் ஒண்டும் செய்யேல்ல. மிச்சத்தை வெளியில, மார்ஜினில எழுதெண்டுதான் சொன்னவன் போல. எனக்கு இங்கிலிஸ் விளங்கேல்ல. கட்டத்துக்கு வெளியில எழுதினா திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயந்து போனன். நான்தான் நிப்பாட்டினனான். அப்புவின்ர பேரை என்ர கையாலயே."

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. தன் தகப்பனான அப்புவுக்கும் கடைசிவரை சொல்லவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அனுப்புநர் இடத்தில் முழுப் பெயரையே எழுதினாராம்.

மகள் அழத் தொடங்கினாள். தூக்கி வந்து தோளில் போட்டுக்கொண்டேன். அப்பாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து நான்காவதற்குச் சம்மதித்திருந்தால் அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவேயில்லை. அந்தப் பன்னிரண்டு எழுத்தோடுதான் அவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார், கணக்கியல் படித்தார், அம்மாவை இங்கே கூப்பிட்டார். என்னைப் பள்ளியில் சேர்த்ததும் அந்தப் பெயரில். என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியவரும் அவர்தான். அதில் உள்ளது அறுந்த பெயரென்றால், அதை வைத்துக்கொண்டு நான் செய்தது எல்லாம் என்ன?

அதை அப்படியே கேட்டேன்.

"அது வேற," என்றார்.

"வேற இல்லை அப்பா. முழுப் பேர் அப்புவின்ர. அது அவரோட நிறைவா இருக்கட்டும். எனக்கு ஒருத்தரும் அதைத் தரேல்ல. நீங்கள் எனக்குத் தந்தது இது. நான் இதைத்தான் குடுப்பன்."

"ஊராக்கள் சிரிப்பினம்."

"சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில பத்து வருசம் சிரிச்சவை. சிரிச்சு முடிஞ்சுது."

"உன்ர வாய்..." என்று தொடங்கி நிறுத்தினார். கழுவிய போத்தல்களையே மறுபடி கழுவினார்.

முப்பத்தெட்டாம் நாள் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைத்தது. கணவர், சொன்னபடியே, ஷிப்டில் இருந்தார். அப்பாதான் காரோட்ட வேண்டியிருந்தது. லண்டன் ரோட்டில் ஒரு சந்தியில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தார், பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "நேரத்துக்குப் போகாட்டி வேற நாள் குடுப்பாங்களோ?" என்று கேட்டார். "குடுப்பாங்கள். அண்டைக்கும் இதே பேர்தான்," என்றேன். காரை எடுத்தார்.

பதிவாளர் என் வயதுப் பெண். அப்பா குழந்தை இருக்கையோடு மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதற்பெயரைச் சொன்னேன், பிறந்த இடத்தைச் சொன்னேன், குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் தட்டச்சுச் செய்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "நன்றாகச் சரிபாருங்கள். கையெழுத்திட்ட பிறகு திருத்துவது சிரமம்."

நான் எப்போதும்போல் மேலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். தேதி, நேரம், பால். குடும்பப் பெயருக்கு நான் வருவதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல், ஆங்கிலத்தில், கொஞ்சம் உரக்க: "எச் இல்லை."

பதிவாளர் நிமிர்ந்தார். திரையில் பதின்மூன்று எழுத்து இருந்தது. "தமிழ்ப் பெயர்களில் டிக்குப் பிறகு வழக்கமாக எச் வருமே, உங்களுக்கு விடுபட்டுவிட்டதோ என்று சேர்த்தேன்," என்றார். உதவத்தான் நினைத்திருக்கிறார்.

அப்பா எழுந்து மேசைக்கு வந்துவிட்டார். "மற்றவர்களுக்கு வரும். எங்கள் பெயரில் எச் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை." வங்கியிலும் தொலைபேசியிலும் எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய அதே வேகத்தில் பன்னிரண்டு எழுத்தையும் அவரே ஒப்பித்தார். பதிவாளர் எச்சை அழித்தார். அப்பா குனிந்து, திரையை மூக்கு முட்டும் தூரத்தில் ஒரு முறை வாசித்தார். பிறகுதான் எனக்கு வழிவிட்டார்.

நான் கையெழுத்திட்டேன்.

கார்த் தரிப்பிடத்தில் மகளின் இருக்கைக்குப் பட்டி மாட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஓமெண்டு சொல்லேல்ல," என்றார்.

"தெரியும் அப்பா."

"பிழையை இன்னும் பிழையா எழுதப் பார்த்தாள். அதுக்காகத்தான்."

"ஓம்."

"அவள் பெரிசானாப் பிறகு ஏன் எண்டு கேப்பாள். அப்ப நீதான் மறுமொழி சொல்ல வேணும்."

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ," என்றேன். "கவுண்டரில நிண்டது நீங்கள்தானே."

அவர் சான்றிதழை மடிக்காமல் டாஷ்போர்டின் மேல் வைக்கச் சொன்னார். வளைவுகளில் அது வழுக்கியபோதெல்லாம் இடக்கையால் பிடித்துக்கொண்டு மிச்சம்வரை ஓட்டினார்.