சிக்கந்தர் பாய் பிடித்த ஏரி நிறம்

பழவேற்காட்டில் டிவி ரிப்பேர் பார்த்த சிக்கந்தர் பாய்க்கு, திரையில் நிறம் கொஞ்சம் தப்பினாலும் சோறு இறங்காது. எண்பத்தாறில் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். கலர் டிவியில் சொருகியதும் படகு ஓடியது. ஆனால் கடல் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது.

“சிங்கப்பூர்ல தண்ணி தண்ணியாட்டம் இருந்துச்சு மச்சான்!” என்றார் பெட்டி கொண்டுவந்தவர்.

இது போதாதா பாய்க்கு? டிவியை ஏரி தெரியும் ஜன்னலோரம் நகர்த்தினார். முதுகு மூடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். கண்ணாடியில் திரையும் ஏரியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

காலையில் டிவிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி உள்ளே இருந்த நிறத் திருகுகளைத் திருகி, ஏரியின் சாம்பல் நிறத்தைப் பிடித்தார். டீ குடித்துவிட்டு வந்தால் ஏரி வெளுத்திருந்தது. மறுபடி திருகினார். மதியம் கடல் தண்ணீர் ஏறி நீலமானது. மறுபடியும் திருகினார்.

நண்டு விற்க வந்த கன்னியம்மாள் சிரித்தாள். “இன்னா பாய், ஏரி ஒரு நாளைக்கு நாலு பொடவ மாத்தும். நீ எத்தினி தபா திருகுவ?”

பாய் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் பச்சைக்கு மாறிய ஏரியும் திரையும் அச்சு அசலாக ஒத்துப்போனதும், பெருமையாக எல்லாரையும் கூப்பிட்டார். மச்சான் கேமைக் கழற்றிவிட்டுச் செய்தியைப் போட்டார். செய்தி வாசிக்கும் அம்மாள் பாசி நிறத்தில் வணக்கம் சொன்னாள்.

வீடு திரும்பிக்கொண்டிருந்த கன்னியம்மாள் கூடையை இறக்கினாள்.

“ஐய, அந்தம்மாவ மொதல்ல கரையில தூக்கிப் போடு பாய். ஏரியில வுழுந்து எந்நேரமாச்சோ!”